அடிவாரக் காற்று

மேடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகம் அல்ல, ஒரு கண்ணாடிக் குமிழைத் துடைக்கும் அவருடைய கை. முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும் அந்தக் குமிழ், காட்டுக்கு மேலே எழுந்து நின்ற எங்கள் இரும்புக் கோபுரத்தின் உச்சியில் இருந்தது. வெயில் எவ்வளவு விழுகிறது, அதிலும் கண்ணுக்குத் தெரியாத வெயில் எவ்வளவு என்று அளக்கும் கருவியின் கண் அது. இரவெல்லாம் அதன்மேல் பனி இறங்கும். விடியும் நேரத்தில் ஒரு கரிச்சான் குருவி வந்து சரியாக அதன்மேல் உட்காரும். உட்கார்ந்த அடையாளத்தையும் விட்டுவிட்டுப் போகும். சூரியன் எழுவதற்குள் யாராவது ஏறிப்போய் அதைத் துடைத்தாக வேண்டும். ஐம்பதைத் தாண்டியிருந்த மேடம் அந்த வேலையை எங்களில் யாரிடமும் கொடுத்ததில்லை. சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், காலில் கான்வாஸ் ஷூ, இடுப்பில் பாதுகாப்புக் கயிறு என்று மெல்ல ஏறுவார். தூய நீரில் நனைத்த மெல்லிய துணியால், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைப்பார். பிறகு இறங்கிவந்து கோபுரத்தின் காலடியில் அண்ணாந்து நிற்பார். முதல் வெயில் உச்சியைத் தொட்டதும், பக்கத்தில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "ஆரம்பிச்சிருச்சுங்க" என்பார்.

என்ன ஆரம்பித்தது என்பதை அவர் எனக்கு விளக்கியபடியே இங்கே சொல்லப் பார்க்கிறேன். வெயில் ஏற ஏற மரங்கள் இலை வழியாக ஒருவகை ஆவியை விடுகின்றன. நமக்கு வியர்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அதே வெயில் காற்றில் கலந்திருக்கும் சில பொருள்களை உடைக்கிறது. உடைந்து பிறக்கும் துண்டுகளுக்கு ஆயுள் ஒரு விநாடிகூட இல்லை. அதற்குள் அவை காற்றில் கிடக்கும் ஆவியையும் அழுக்கையும் பிடித்துத் தின்றுவிட்டுத் தாமும் இல்லாமல் போகின்றன. உலகத்துக் காற்று இன்னும் மூச்சுவிடும்படி இருப்பதற்கு இந்தத் துண்டுகளே பெரும் காரணம். ஒரு வெப்பமண்டலக் காட்டுக்கு மேலே இது எப்படி நடக்கிறது, காலையில் எவ்வளவு, உச்சிவேளையில் எவ்வளவு, மேகம் மறைத்தால் எவ்வளவு என்று அளக்கத்தான் அவர் கொல்லிமலைக்கு வந்தார். ஊர்க்காரர்கள் கேட்டால் இத்தனையும் சொல்ல மாட்டார். "வெயில்தானுங்க சோப்பு. காத்த தெனமும் அதுதான் தொவைக்குது" என்று முடித்துவிடுவார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும், தன் பிள்ளை பள்ளியில் பரிசு வாங்கியதைச் சொல்வதுபோல.

நான் ராசிபுரம் பக்கம், மலையடிவாரத்தில் சோளமும் நிலக்கடலையும் போடும் குடும்பத்தில் பிறந்தவன். வேதியியல் முதுகலை படித்துவிட்டு ஒரு தனியார் கல்லூரியில் ஆய்வகம் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைமேல் காற்றை அளக்க ஒரு நிலையம் வருகிறது, ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். மலைமேல் எடப்புளி நாடு என்று சொல்லும் ஊர்ப்பகுதியில், வீடுகளிலிருந்து சற்று விலகி, கிழக்கே சரிவு இறங்கும் விளிம்பில் கோபுரம் நின்றது. லாரியில் வளைவு வளைவாக ஏற்றிக் கொண்டுவந்த ஒரு கன்டெய்னர் பெட்டி அதன் காலடியில் இருந்தது. அதற்குள் ஏசி போட்டுக் கருவிகளை அடுக்கியிருந்தோம். உச்சியிலிருந்து வெள்ளைக் குழாய்கள் காற்றை உறிஞ்சிக் கீழே கொண்டுவரும். கருவிகள் அதை முகர்ந்து பார்த்துத் திரையில் கோடு கோடாக வரையும். அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

அப்போது நாங்கள் நாமக்கல்லில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தோம். வாசலுக்கு எதிரே லாரிகள் நின்று இன்ஜினை அணைக்காமல் ஆள் எதிர்பார்க்கும். என் மகளுக்கு மூன்று வயதிலிருந்தே இளைப்பு. மூச்சு இழுக்கும்போது கழுத்துக்குழி உள்ளே போய் வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன என்று அப்படிப் பிள்ளை உள்ளவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியாது. டாக்டர் இடம் மாற்றிப் பாருங்கள் என்றார். நான் அதை மேடத்திடம் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. "இங்க கூட்டிட்டு வந்துருங்க தம்பி. இதவிட நல்ல காத்த நான் எங்கீங்க காட்டறது?" என்றார். காற்றையே படித்தவர் சொன்ன சொல். என் மனைவி அன்றைக்கே பாத்திரம் கட்ட ஆரம்பித்தாள்.

மேலே எங்களுக்கு வீடு கொடுத்தவர் மலைக்காரர். மிளகும் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளியும் போடுகிறவர், வாய் சும்மா இருக்காது. எங்கள் நிலையத்தை அவர் ஒரு நாளும் மரியாதையாகப் பேசியதில்லை. "ஏனுங்க சார், எங்க காத்தப் புடிச்சு ஏசி ரூம்ல அடைச்சு வெச்சு என்னங்க பண்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்கு வேறொரு குறையும் இருந்தது. கோபுரத்தின் பக்கம் யாரும் வாசனையோடு வரக் கூடாது என்பது மேடத்தின் சட்டம். பவுடர், சென்ட், கொசுவத்தி, மண்ணெண்ணெய் எதுவும் ஆகாது. குழாய் அதையும் உறிஞ்சிக் காட்டின் கணக்கில் சேர்த்துவிடும். என் மனைவி முதல் நாள் மல்லிகை வைத்துக்கொண்டு வந்தபோது, மேடமே எதிரே போய்க் கெஞ்சிக் கேட்டுப் பூவை வாங்கி, தூரத்தில் ஒரு கிளையில் தொங்கவிட்டார். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொன்னார்: "கோயிலுக்குப் போனாச் செருப்பத்தான் கழட்டச் சொல்றாங்க. இந்தக் கம்பிக்குப் பூவையுமல்ல கழட்டோணுமாமா." அவர் பீடியோடு வந்தால் மேடம் பாதையிலேயே மறிப்பார். அவருடைய ஒரு பீடி தன் கருவிகளுக்கு ஒரு லாரிக்குச் சமம் என்பார். அதைக் கேட்டு அவர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அந்த முதல் மழைக்காலத்தைப்போல நாங்கள் நிம்மதியாக இருந்த காலம் வேறு இல்லை. மகள் நான்காம் வகுப்பு. இருமல் குறைந்தது, பிறகு நின்றேவிட்டது. மழையில் நனைந்தாள், பலாமரத்தில் பாதிவரை ஏறினாள், சரிவில் இறங்கி ஓடித் திரும்பி ஏறி வந்தாள். அவள் மூச்சு வாங்குவதைக் கேட்டுப் பதறி எழுந்து, அது வெறும் ஓடிவந்த மூச்சுதான் என்று தெரிந்து மறுபடி உட்காருவேன். மேடத்தை அவள் அத்தை என்று கூப்பிட்டாள். திருமணம் செய்துகொள்ளாத மேடம் அந்தச் சொல்லுக்கு எப்படி இளகினார் என்று நான் பார்த்திருக்கிறேன். இன்ஹேலரை அலமாரியின் மேல்தட்டில் தூக்கிப் போட்டாள் என் மனைவி.

இங்கே எங்கள் வேலையில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். காலையில் வெயில் சரிவைச் சூடாக்கியதும் கீழேயிருந்து காற்று மலைமேல் ஏறும். சமவெளியின் லாரிப் புகை, சூளைப் புகை, அடுப்புப் புகை எல்லாம் அதில் கலந்து வரும். புகையைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. அதன் கோடு ஏறினால் அடிவாரக் காற்று வந்துவிட்டது என்று பொருள். அந்த மணிநேரங்களைத் திரையில் சிவப்பால் பூசிக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவோம். இந்தத் துறையில் பலரும் செய்வதுதான். காட்டின் வேதியியலைத் தெரிந்துகொள்ள வந்தவர்கள் காடு மட்டும் இருக்கும் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். சேர்ந்த புதிதில் நான் ஏன் என்று கேட்டேன். "அது நம்ம காத்து இல்லீங்க தம்பி. காடு என்ன பேசுதுன்னு கேக்க வந்திருக்கோம். நடுவால லாரி ஹாரன் அடிச்சா அதையுமா எழுதி வெப்பாங்க?" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. தினமும் மாலையில் உட்கார்ந்து சிவப்புப் பூசுவேன். மழைக்காலத்தில் பூசுவதற்கு அதிகம் இருக்காது. மாசி கடந்ததும் மதியம் முழுவதும் சிவப்பாகும்.

மாசி கடந்ததும்தான் மகளுக்கு மறுபடி இளைப்பு வந்தது. காலையில் நன்றாகப் பள்ளிக்குப் போவாள், மாலையில் தோள் ஏறி இறங்கத் திரும்பி வருவாள். நாங்கள் எதையெல்லாமோ சந்தேகப்பட்டோம். சில்வர் ஓக் பூத்திருக்கிறது என்றோம், பலாப்பிஞ்சு வாசம் என்றோம். வாசலில் காயும் மிளகின் தூசியாக இருக்கும் என்று என் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னபோது, வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் மொத்த மிளகையும் வாரி, தன் தம்பி களத்துக்குத் தூக்கிப்போனார். அதற்குப் பிறகும் வந்தது. மலைக்குப் பழகும்வரை இருக்கும், போய்விடும் என்றார் மேடம். நல்ல காற்றில் விளையாட விடுங்கள், நுரையீரல் பலப்படும் என்றார். அவளும் விளையாடினாள். பள்ளியில் கடைசி இரண்டு பீரியடும் மைதானத்தில்தான்.

ஒரு நாள் நான் ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் மதியமே சிவப்புப் பூச உட்கார்ந்திருந்தேன். பூசிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. பள்ளி ஆசிரியை. "சார், பாப்பாவுக்கு வீசிங் ஜாஸ்தியா இருக்குதுங்க. கொஞ்சம் வெரசா வாரீங்களா?" என் மனைவி கீழே சந்தைக்குப் போயிருந்தாள். வண்டியில் மகளை முன்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்தபோது, அவள் முதுகு என் நெஞ்சில் மோதி மோதி விலகியதை இப்போதும் உணர்கிறேன். வீடு பூட்டியிருந்ததால் நிலையத்துக்கே கொண்டுவந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போக நிலையத்தின் ஜீப் வேண்டும். ஜீப் டீசலுக்குப் போயிருந்தது. கன்டெய்னரில் விட்டுப்போயிருந்த என் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். வெயிலில் நிற்க வேண்டாம் என்று மேடம் அவளைக் கன்டெய்னருக்குள் தூக்கிப்போனார். வேலை இல்லாமல் யாரையும் உள்ளே விடாதவர், அவளை நாற்காலியில் இருத்தி முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். கதவு மூடியிருந்தது. ஏசி ஓடியது. சற்று நேரத்தில் அவள் தோள் தணிந்தது, பேச்சு வந்தது. குழந்தைதானே, எதிரே இருந்த திரையைப் பார்த்துவிட்டு, "அத்தை, இந்தச் செவப்பு என்னதுங்க?" என்று கேட்டாள்.

"அது நம்ம காத்து" என்று தொடங்கிய மேடம் அத்தோடு நின்றார். 'இல்லை' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பாதி பூசியிருந்த சிவப்புக்குள் ஓசோன் கோடு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. நானும் அப்போதுதான் பார்த்தேன். அத்தனை நாளும் என் கண் முன்னால் ஏறிய கோடு அது.

அன்று மாலை என் மனைவி திரும்பியதும் மேடம் வீட்டுக்கே வந்தார். மகளுக்கு எந்தெந்த நாளில் வந்தது என்று கேட்டார். நாங்கள் எதையும் குறித்து வைத்ததில்லை. ஆனால் தாய்க்கு அது மறக்குமா? மிளகை வாரிய அன்று, பள்ளியில் விளையாட்டுப் போட்டி வைத்த அன்று, குலசாமிக்குப் பொங்கல் வைத்த மறுநாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேடம் மடிக்கணினியைத் திறந்துவைத்து அந்தந்த நாளுக்குப் போனார். ஒவ்வொரு முறையும் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். எல்லா மதியமும் சிவப்பு. கடைசியில் திருப்புவதையும் நிறுத்திவிட்டார்.

விஷயம் எளிது. எளிது என்பதுதான் என்னைக் கொல்கிறது. கீழேயிருந்து ஏறும் புகையும் காடு விடும் ஆவியும் மலைமேல் சந்திக்கின்றன. உச்சி வெயில் அவை இரண்டையும் சேர்த்துச் சமைத்து ஓசோனாக்குகிறது. வானத்தின் உச்சியில் இருக்கும்போது நம்மைக் காக்கும் அதே பொருள், மூக்குக்கு நேரே இருந்தால் நுரையீரலை உள்ளேயிருந்து புண்ணாக்கும். அதற்கு நிறமில்லை, தூசியில்லை. லாரிக்குப் பக்கத்திலேயே நின்றால் அங்கே புதிதாக வரும் புகையே ஓசோனைத் தின்றுவிடும். அதனால் நாங்கள் விட்டு ஓடிவந்த நெடுஞ்சாலைத் தெருவில் புகை இருந்தது, ஓசோன் இவ்வளவு இல்லை. மலைமேல் அதைத் தின்ன ஒன்றும் இல்லை. மைதானத்தில் மூச்சு வாங்க ஓடும் பிள்ளைகள்தான் இருந்தார்கள்.

நீக்கிய மணிநேரங்களையெல்லாம் மேடம் திரும்பக் கணக்கில் சேர்த்தார். வாரக்கணக்கில் அதே வேலை. சாப்பிடும் நேரம் மறந்தது, குமிழ் துடைக்க ஏறுவதையும் என்னிடம் விட்டுவிட்டார். ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டு வெளியே பாறையில் உட்காரவைத்தார். "வெறும் பொகை மட்டும் வந்திருந்தா இத்தன ஆவாதுங்க தம்பி. வெறும் காடு மட்டும் இருந்தாலும் ஆவாது. காடும் கூடச் சேந்துதான் பண்ணுது" என்றார். நான் காடு என்ன செய்யும், அது எப்போதும்போல இருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டினார். "சோப்பு சோப்புன்னு எத்தன பேருகிட்டச் சொன்னனுங்க" என்றார். எங்களுக்குக் கீழே காடு வெயிலில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த மாதிரி, இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டுமே நான் பார்த்திருக்கிறேன்.

அதிலிருந்து மழை பிடிக்கும்வரை மகளின் மதியங்கள் கன்டெய்னருக்குள் கழிந்தன. மைதானத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று பள்ளியில் சொல்லி, உணவு வேளைக்குப் பிறகு அவளைக் கூட்டிவந்துவிடுவோம். கருவிகளுக்கு நடுவே ஒரு பாய் விரித்திருந்தார் மேடம். மலையில் அவளுக்கு ஏற்ற ஒரே இடம், மெஷின்களுக்காகக் கட்டிய அந்த இரும்புப் பெட்டி. கதவு திறந்து மூடுவதால் உள்ளே சூடு மாறுகிறது, அளவு கெடுகிறது என்று ஆராய்ச்சி மாணவர் ஒருவர் முறையிட்டார். "அந்த நேரத்தையும் செவப்புல போட்டு எடுத்துருங்க சாமி. நமக்குத்தான் பழக்கமாச்சே" என்றார் மேடம். அந்த மாணவர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

தெரிந்ததை அவர் மறைக்கவும் இல்லை. கீழே ஒரு கூட்டத்தில் பெரிய அதிகாரிகளும் ஊர்ப் பிரமுகர்களும் இருக்கும்போது படம் போட்டு விளக்கினார். நானும் போயிருந்தேன். அவர் முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒருவர், மிக மரியாதையாகத்தான், "அப்பப் பிரச்சனை மரத்துனால வருதுன்னு சொல்றீங்க. கொஞ்சம் மரத்தக் கொறச்சாச் சரியாப் போயிருமுங்களா மேடம்?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. மரத்தில் கை வைக்கக் கூடாது, புகையைத்தான் குறைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "லாரி இல்லாம நாமக்கல் ஏதுங்க?" என்றார் இன்னொருவர். அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் டீ வந்துவிட்டது.

திரும்பி வரும்போது, வளைவுகளில் பாதிவழி ஏறியபின் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். சமவெளி முழுவதும் ஒரு மங்கல் படர்ந்து கிடந்தது. இதை எழுதினால் மரம் வெட்டுகிறவர்கள் கையில் கொடுத்த மாதிரி ஆகும், எழுதாவிட்டால் பிள்ளைகளுக்குத் துரோகம் என்றார். எழுதினார். வெளிநாட்டு இதழ் ஒன்றில் வந்தது. அவருடைய துறையில் இருப்பவர்கள் பாராட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் சாலையில் லாரி ஒன்றுகூடக் குறையவில்லை.

திட்டத்தின் காலம் முடிந்ததும் கோபுரத்தைக் கழற்றினார்கள். கன்டெய்னர் வந்த வழியே போயிற்று. அந்தப் பெட்டி இல்லாமல் என் மகள் ஒரு கோடையை அங்கே எப்படிக் கழிப்பாள்? நாங்களும் இறங்கிவிட்டோம். வீட்டுக்காரர் ஒரு மூட்டை மிளகைக் கட்டாயப்படுத்தி வண்டியில் ஏற்றினார். தன் மலைக்காற்று ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை. எங்கள் மேல் அவருக்கு அதில் சின்ன வருத்தம்கூட இருந்தது.

ஓய்வுபெற்றபின் மேடம் கோபி பக்கம் தன் தம்பி வீட்டில் இருந்தார். உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு ஒரு தடவை போனேன். வாய்க்கால் ஓரத்து வீடு, சுற்றிலும் தென்னை. மெலிந்திருந்தார். மகளைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். ராசிபுரத்தில் இருக்கிறோம், அங்கே கோடையில் ஓசோன், பனிக்காலத்தில் புகை, தூசி என்று சொன்னேன். ஊட்டி, ஏற்காடு, கடற்கரை ஊர்கள் என்று நான் யோசித்து வைத்திருந்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் நான் நேராகவே கேட்டேன்: "அவள எங்கதானுங்க மேடம் கூட்டிட்டுப் போறது?"

"தெரியலீங்க தம்பி" என்றார். அவர் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அதற்காகவே அவரை மதிக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் ஏதாவது ஒரு ஊரைச் சொல்லியிருப்பார்கள். அடுத்த மழைக்கு முன் அவர் போய்விட்டார். யார்மீதாவது கோபப்பட முடிந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும். வேலையை ஒழுங்காகச் செய்தவர், தெரிந்ததும் சொன்னவர், என் மகளைத் தன் மகள்போல் வைத்திருந்தவர். அவர்மீது நான் எப்படிக் கோபப்படுவேன்? காட்டின்மீது, வெயிலின்மீது கோபப்பட யாரால் முடியும்? சோறு போடும் லாரிகளின்மீது இந்த ஊரில் யார் கோபப்படுவார்கள்? என் மைத்துனனே லாரி ஓட்டுகிறவன்தான்.

இதையெல்லாம் நான் இப்போது எழுதக் காரணம், சென்ற மாதம் நடந்தது. மகள் இப்போது கல்லூரி முதலாண்டு. தோழிகளோடு கடைவீதிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர்களோடு கொல்லிமலைக்குப் போயிருக்கிறாள். அருவிக்கு இறங்கும் படிகள் அதிகம். இறங்கும்போது ஒன்றும் இல்லை. உச்சி வெயிலில் திரும்பி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். களைப்பு என்று நினைத்த தோழிகள், நல்ல காற்று வரட்டும் என்று அவளை நிழலில்லாத திறந்தவெளியில் கொண்டுபோய் உட்காரவைத்து விசிறியிருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. உதடு நீலமானபின்தான் பயந்திருக்கிறார்கள். எங்கள் பழைய வீட்டுக்காரருக்கு அவளே எப்படியோ போன் செய்திருக்கிறாள். அவர் மகன் வேன் எடுத்துக்கொண்டு வந்தான். செய்தி கேட்டு நான் கீழேயிருந்து ஆம்புலன்ஸில் மலையேற, அவர்கள் மேலேயிருந்து இறங்க, ஏதோ ஒரு வளைவில் சந்தித்தோம். வேன் கதவைத் திறந்தபோது வீட்டுக்காரப் பெரியவர் அவள் தலையை மடியில் வைத்திருந்தார். "சாமி, கண்ணத் தொற சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வளைவைத் தாண்டி நான் இன்னும் வரவில்லை. இதை எழுதும்போதுகூட அங்கேதான் நிற்கிறேன்.

பிழைத்துவிட்டாள். ஆக்ஸிஜன் முகமூடியை எடுத்த மறுநாள், நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்து அவளே ஆரம்பித்தாள். "தெரிஞ்சேதான் போனேன்ப்பா. எல்லாரும் போறாங்க. நான் மட்டும் எத்தன நாளைக்குப் பொட்டிக்குள்ள உக்காந்திருக்கறது?" என்றாள். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. சற்று நேரம் கழித்து, "அங்க வாசம் அப்படியே இருக்குதுப்பா. சின்ன வயசுல இருந்த மாதிரியே" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. அந்த வாசத்தில் பாதி மரங்கள் விடும் அந்த ஆவிதான் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். "ஆமாங் கண்ணு, நல்ல வாசம்" என்றேன்.

ஆஸ்பத்திரி ஜன்னல் மலையைப் பார்த்து இருந்தது. மதியம் ஆகியிருந்தது. வெயில் ஏறி, மலை வெளிறிய நீலமாகத் தெரிந்தது. காலையில் நர்ஸ் திறந்து வைத்திருந்த ஜன்னலை நான் சாத்தியிருந்தேன்.

"கொஞ்சம் தொறந்து உடுங்கப்பா. காத்து வரட்டும்" என்றாள்.

பொழுது இறங்கட்டும், அப்புறம் திறக்கிறேன் என்றேன்.

அவள் மலையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். "தெனமும் இப்படித்தானாப்பா?" என்று கேட்டாள்.

நான் எழுந்துபோய், ஜன்னல் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன்.